பீட் மாவட்டத்துக்கு மாற்றல்: ஊர் எப்படி, மக்கள் எப்படி?

வைகைக்கரை | செப்டம்பர் 24, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். வங்கியில் வேலை. பதவி உயர்வோடு மகாராஷ்டிரத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. பீட் மாவட்டம், கேஜ் தாலுகா. தசரா முடிந்து போய்ச் சேர வேண்டும். முதலில் நான் மட்டும் போகிறேன், வீட்டில் அவர்களும் மகளும் அடுத்த கல்வியாண்டில் வருவார்கள்.

பீட் என்று தேடினால் வறட்சி, தற்கொலை, அரசியல் சண்டை என்றுதான் வருகிறது. இந்த வாரம் தொலைக்காட்சியைப் போட்டால் அதே பீட்டில் வெள்ளம், ஆட்களைப் படகில் மீட்கிறார்கள். எதை நம்புவது? அங்கே இருந்தவர்கள் யாராவது ஊர் எப்படி, மக்கள் எப்படி என்று விவரமாகச் சொல்லுங்கள். எனக்கு இந்தி ஓரளவு வரும், மராட்டி தெரியாது.

பீமாக்கரை | செப்டம்பர் 24, இரவு 10:40

வாழ்த்துகள் சார். நான் சோலாப்பூரில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். டிராக்டர் உதிரிபாக வியாபாரம், பீட்டுக்கு மாதம் இரண்டு முறையாவது போவேன்.

முதலில் நிலத்தைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. மாவட்டத்தின் வடக்கு எல்லை கோதாவரி. அங்கே யாரும் கோதாவரி என்று சொல்ல மாட்டார்கள், 'கங்கா' என்பார்கள். அதையொட்டிய கரிசல் பூமிக்கு 'கங்காதடி' என்று பெயர். கேவ்ராய், மாஜல்காவ் பக்கம். ஜாயக்வாடி அணையின் வலது கால்வாய் அந்த வழியாக வருவதால் பச்சையாக இருக்கும். பருத்தி, கரும்பு எல்லாம் உண்டு. நடுவில் மேற்கிலிருந்து கிழக்காக பாலாகாட் மலைத்தொடர் குறுக்கே படுத்துக் கிடக்கிறது. மலை என்றால் நம் கொடைக்கானல் மாதிரி நினைக்காதீர்கள். மேலே தட்டையான மேட்டுநிலம், ஓரத்தில் சரிவு, அவ்வளவுதான். அடியில் கருங்கல், மேலே முழ ஆழத்துக்குச் சரளை மண். மழை பெய்தால் நிற்காமல் ஓடிவிடும், கிணற்றில் ஊறாது. தெற்கு எல்லையில் மாஞ்ரா ஆறு. இது பாடோதா தாலுகாவில் அந்த மலையிலேயே பிறக்கிறது. தெலங்கானாவில் மஞ்சீரா என்கிறார்களே, அதே ஆறுதான். கேஜ் தாலுகாவில் தனேகாவ் என்ற இடத்தில் இதன்மேல் அணை இருக்கிறது. உங்கள் கிளைக்குப் பக்கம்தான்.

மொத்தம் 11 தாலுகா, 10,693 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 25 லட்சத்து 85 ஆயிரம் பேர். ஐந்தில் நான்கு பேர் கிராமத்தில் இருப்பவர்கள்.

வறட்சி, வெள்ளம் இரண்டும் உண்மைதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் பூமி. மகாபலேசுவரத்தில் 5,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும், இங்கே வருஷச் சராசரியே 700ஐ ஒட்டித்தான். அதுவும் சீராகப் பெய்யாது. ஒரு மாதம் காய்ந்துவிட்டு இரண்டே நாளில் கொட்டித் தீர்க்கும். இப்போது நீங்கள் பார்ப்பது அதுதான். சோயா அறுவடைக்கு நின்ற நேரம், எல்லாம் தண்ணீரில் போயிற்று. என் வாடிக்கையாளர் ஒருவர் நேற்று போனில் பேச முடியாமல் அழுதார்.

அனல்மின்_ஓய்வு | செப்டம்பர் 25, காலை 6:55

பர்ளி அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் சார்பில் சில வருஷம் இருந்தேன். தண்ணீர்க் கஷ்டத்துக்கு ஒரு விஷயம் சொன்னால் போதும். அந்த நிலையத்துக்குக் கோதாவரியில் உள்ள கட்கா தடுப்பணையிலிருந்துதான் தண்ணீர் வர வேண்டும். 2013இலும் 2015இலும் தண்ணீர் இல்லாமல் மின் உற்பத்தியையே நிறுத்தினார்கள். நிலக்கரி இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, கொதிகலனுக்குத் தண்ணீர் இல்லை. புகை வராத புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம்.

பர்ளி வைஜ்நாத் ஜோதிர்லிங்கத் தலம். சிவராத்திரிக்குக் கூட்டம் அள்ளும். அங்கிருந்து 25 கிலோமீட்டரில் அம்பாஜோகாய். நீங்கள் அவசியம் போக வேண்டிய ஊர் அது. அங்குள்ள யோகேசுவரி அம்மனைப் பற்றி ஒரு கதை உண்டு. கொங்கண் கரையிலிருந்து பர்ளி வைஜ்நாதரை மணக்கப் புறப்பட்டு வந்தாளாம். அம்பாஜோகாய்க்கு வந்தபோது முகூர்த்தம் தப்பிவிட்டது. கல்யாணக் கூட்டம் கல்லாய்ச் சமைந்தது, அம்மன் கன்னியாகவே அங்கே தங்கிவிட்டாள். எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். முதல்முறை கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. சுசீந்திரம் தாணுமாலயன், விடிவதற்குள் கூவிய கோழி, கன்னியாகுமரி அம்மன் என்று நான் பதிலுக்குச் சொன்னதும் அந்தப் பூசாரி என்னைப் போக விடவில்லை, உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்.

ஊருக்கு வெளியே யானைச் சிற்பங்களோடு குடைவரை இருக்கிறது. அதுதான் அந்தக் கல்யாண மண்டபம் என்பார்கள். 1188இல் விவேகசிந்து எழுதிய முகுந்தராஜரின் சமாதியும் அதே ஊரில்தான். மராட்டியின் ஆதிகவி என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். அப்புறம் தாசோபந்த் என்ற துறவி நாற்பது அடி நீளத் துணியில் எழுதிவைத்த பாசோடி. ஏழை மாவட்டம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை.

நேர்கோடு | செப்டம்பர் 25, காலை 11:20

கோயில் எல்லாம் சரி. ஒரு கேள்வி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பீட்டிலிருந்து மத்திய மந்திரி, மாநில மந்திரி என்று எத்தனை பேர் வந்துவிட்டார்கள். மத்திய மந்திரியாக இருந்த கோபிநாத் முண்டே பர்ளி பக்கத்து நாத்ரா கிராமத்துக்காரர். மாவட்டத்திலேயே சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அப்படியிருந்தும் ஏன் இந்த நிலை? தண்ணீர் இல்லை என்கிறீர்கள், கரும்பு மட்டும் எப்படி விளைகிறது? மக்களிடமும் குறை இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கொழுந்தாடை | செப்டம்பர் 25, இரவு 8:05

நேர்கோடு அவர்களுக்கு. கரும்பு பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. மக்களிடம் குறை என்பதை மட்டும் ஏற்க முடியாது. நான் சாங்லி மாவட்டத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் கரும்புப் பிரிவில் ஒன்பது பருவம் வேலை பார்த்தவன். பீட் மக்களை பீட்டில் பார்த்ததைவிட எங்கள் வயல்களில் பார்த்ததுதான் அதிகம்.

வைகைக்கரை சார், நீங்கள் 25 லட்சம் பேர் உள்ள மாவட்டத்துக்குப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தசரா முடிந்து போகிறீர்கள் அல்லவா? நீங்கள் ஊருக்குள் நுழையும்போது எதிரே லாரி லாரியாக ஆட்கள் வெளியே வருவார்கள். பாத்திரம், அடுப்பு, கோழிக்கூடு, கைக்குழந்தை, ஆட்டுக்குட்டி எல்லாம் ஒரே டிராக்டர் டிரெய்லரில். இவர்கள்தான் 'ஊஸ்தோட்' கூலிகள், அதாவது கரும்பு வெட்டுபவர்கள். லட்சக்கணக்கில் கிளம்பி சாங்லி, கோலாப்பூர், சாத்தாரா, சோலாப்பூர், கர்நாடகத்தின் பெலகாவி, பாகல்கோட் என்று போய்விடுவார்கள். பங்குனி வாக்கில்தான் திரும்புவார்கள். ஆறு மாதம்.

ஆள் எடுக்கும் முறையைச் சொல்கிறேன். கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் ஒரு கணக்கு. அந்த ஜோடிக்கு 'கொய்தா' என்று பெயர், அரிவாள் என்று அர்த்தம். "எத்தனை கொய்தா கொண்டு வருகிறாய்?" என்றுதான் ஆலையில் கேட்போம். நானும் அப்படித்தான் கேட்டேன், வருஷக்கணக்கில். நடுவில் இருக்கும் மேஸ்திரி 'முகாதம்'. மழைக்காலத்திலேயே அவர் முன்பணம் கொடுத்துவிடுவார், அதற்கு 'உச்சல்' என்று பெயர். ஜோடிக்கு ஐம்பதாயிரம், லட்சம், சிலருக்கு அதற்கும் மேல். கூலி டன் கணக்கு. வெட்டி வெட்டி அந்த முன்பணத்தைக் கழிக்க வேண்டும். கழியாவிட்டால் பாக்கி அடுத்த பருவத்துக்குப் போகும்.

விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அந்தப் பெண் எழுந்து, அன்றைக்கு முழுவதும் வேண்டிய பாக்ரியை, அதாவது தானிய ரொட்டியை, தட்டி முடித்திருப்பாள். வயலில் அவன் வெட்டுவான், அவள் சோகை உரித்துக் கட்டாகக் கட்டுவாள். ஒரு கட்டு முப்பது நாற்பது கிலோ. லாரியில் ஒரு பலகை சாய்த்திருக்கும். தலையில் கட்டோடு அதன்மேல் ஏறுவாள், பனி ஈரத்தில் பலகை வழுக்கும். லாரி இரவு ஒரு மணிக்கு வந்தாலும் ஏற்றித்தான் ஆக வேண்டும். கரும்பின் நுனித் தழையான கொழுந்தாடையைத் தனியாகக் கட்டி மாடு வைத்திருப்பவர்களிடம் விற்றால் அன்றைய எண்ணெய், மிளகாய்க்கு ஆகும். அதைத்தான் என் பெயராக இங்கே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒருமுறை காய்ச்சலோடு கிடந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு நாள் வரவில்லை என்று அபராதம் எழுதினார்கள். சீட்டில் பதிந்தது என் கை. ஆலையின் பெயர் வேண்டாம். என் கை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இப்படி உழைப்பவர்களிடமா குறை?

நேர்கோடு | செப்டம்பர் 25, இரவு 9:30

நான் அவசரப்பட்டுவிட்டேன். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கரும்புக் கேள்வி அப்படியே இருக்கிறது. தண்ணீர் இல்லாத மாவட்டத்தில் கரும்பு எதற்கு?

பீமாக்கரை | செப்டம்பர் 25, இரவு 10:15

விவசாயியின் பக்கத்திலிருந்து பாருங்கள். பருத்தி, சோயா, துவரை, வெங்காயம் எதற்கும் விற்கிற நாளில் என்ன விலை கிடைக்கும் என்று தெரியாது. கரும்புக்கு அரசு விலை நிர்ணயிக்கிறது, ஆலை வந்து வெட்டி எடுத்துக்கொள்கிறது. ஓரளவு தண்ணீர் கிடைத்தவன் கரும்புதான் போடுவான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் கூட்டிப் பார்த்தால் கணக்கு கசக்கிறது. மாநிலத்தின் சாகுபடிப் பரப்பில் கரும்புக்குச் சிறு பங்கு, பாசனத் தண்ணீரில் பெரும்பங்கு. கால்வாய் தொடும் கங்காதடிக்காரனுக்குக் கரும்பு, மேட்டுநிலத்துக்காரனுக்கு அரிவாள்.

ஒன்று நினைவுக்கு வருகிறது. 2016 கோடையில் தனேகாவ் அணை வறண்டுபோய், அதை நம்பியிருந்த லாத்தூர் நகரத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, எங்கிருந்து தெரியுமா? மிரஜிலிருந்து. மிரஜ் சாங்லி மாவட்டம். பீட் சனங்கள் வருஷா வருஷம் கரும்பு வெட்டப் போகும் அதே இடம். ஆள் தண்ணீரைத் தேடி மேற்கே போகிறான், தண்ணீர் ரயிலேறிக் கிழக்கே வருகிறது.

மந்திரிகள் பற்றிய கேள்விக்கு என்னால் முழுப் பதில் சொல்ல முடியாது. 1948 செப்டம்பர் 17 வரை இது ஐதராபாத் நிஜாம் சமஸ்தானம். அப்புறம் ஐதராபாத் மாநிலம், 1956இல் பம்பாய், 1960இல் மகாராஷ்டிரம். பம்பாய் மாகாணத்தில் இருந்த மேற்கு மகாராஷ்டிரத்தில் கூட்டுறவும் கால்வாயும் முன்பே வந்துவிட்டன. இவர்கள் தாமதமாகப் பந்திக்கு வந்தவர்கள். ரயிலைப் பாருங்கள். அகில்யாநகர் (பழைய அகமத்நகர்) - பீட் - பர்ளி பாதை 261 கிலோமீட்டர், 1995 வாக்கில் ஒப்புதல் ஆனது. பீட் நகரத்துக்கு ரயில் வந்தது இந்த மாதம்தான், 2025 செப்டம்பர் 17ஆம் தேதி, மராட்வாடா (பீட் இருக்கும் பகுதி) விடுதலை நாளில். முப்பது வருஷம் காத்திருந்தார்கள்.

மருதாணி | செப்டம்பர் 26, மதியம் 2:10

இந்த இழையில் எல்லோரும் ஆண்கள் என்று நினைக்கிறேன். பெண்கள் பற்றி நான் சொல்கிறேன். புனேயில் பொது சுகாதாரம் படித்தபோது களப்பணிக்கு வட்வணி, தாரூர் பக்கம் போயிருக்கிறேன்.

கொழுந்தாடை சொன்ன அபராதத்துக்கு இன்னொரு முகம் உண்டு. ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஜோடிக்கு 500 ரூபாய் வரை பிடிப்பார்கள். மாதவிலக்கு, வெள்ளைப்படுதல், வயிற்றுவலி எதற்கும் விடுப்பு கிடையாது. வயலில் கழிப்பறை இல்லை, துணி மாற்ற மறைவில்லை. வலி என்று போனால் கருப்பையை எடுத்துவிடு, நிம்மதி என்று சொல்லும் தனியார் மருத்துவமனைகள். 2019இல் மாநில அரசு அமைத்த குழுவின் வேலையாக மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரை விசாரித்தார்கள். 13,861 பேருக்குக் கருப்பை இல்லை. பலருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. நான் பேசிய ஒரு அக்கா, அறுவைச் சிகிச்சைக்கு வாங்கிய கடனை அடைக்க அடுத்த பருவமும் முகாதமிடம் உச்சல் வாங்கியிருந்தார்.

பெண் குழந்தைகள் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு 807 பெண் குழந்தைகள். 2001இல் 894 இருந்தது. குழந்தைத் திருமணமும் அதிகம். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் நூறு இளம்பெண்களில் நாற்பது பேருக்கு மேல் 18 வயதுக்கு முன்பே கல்யாணமானவர்கள். அம்மா அப்பா ஆறு மாதம் வெளியூர், வயதுக்கு வந்த பெண்ணை யாரிடம் விட்டுப் போவது என்ற பயம் ஒரு பக்கம். ஜோடியாக இருந்தால்தான் முழு உச்சல் என்பது இன்னொரு பக்கம். கல்யாணம் ஆனால் ஒரு கொய்தா கூடுகிறது.

அந்தப் பெண்கள் பயந்து ஒடுங்கியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு மராட்டியைக் கற்றுக்கொடுத்ததே அவர்கள்தான். பார்த்ததும் "ஜேவண் ஜாலங் கா?" என்பார்கள். சாப்பிட்டாச்சா என்றுதான் அர்த்தம். நம் ஊர் மாதிரியே. கம்பு, வெள்ளைச்சோளப் பாக்ரி, அதோடு பச்சைமிளகாயும் பூண்டும் வேர்க்கடலையும் இடித்த டேச்சா. கண்ணில் தண்ணீர் வரும், ஆனால் விடமாட்டீர்கள்.

அனல்மின்_ஓய்வு | செப்டம்பர் 26, மாலை 5:45

மருதாணி அம்மா, நன்றி. படித்துவிட்டு வெகுநேரம் எழுத வரவில்லை.

வைகைக்கரைக்கு மொழி பற்றி இரண்டு வார்த்தை. மராட்டியில் 'ள' உண்டு. பர்ளி என்று சொல்லும்போது இந்திக்காரர்கள் 'ல' என்று தடுமாறுவார்கள், உங்களுக்கு இயல்பாக வரும். அதற்கே பாதி மதிப்பு. பெரியவர்களுக்கு "ராம் ராம்". ஆண்களைத் 'தாதா' (அண்ணன்), பெண்களைத் 'தாயி' (அக்கா), 'மாவ்ஷி' (சித்தி) என்று கூப்பிடுங்கள். நகரங்களில் உருதுவும் தக்கனியும் காதில் விழும், பஞ்சாரா குடியிருப்புகளான தாண்டாக்களில் லம்பாடி. மராத்தா, வஞ்சாரி, தலித், தன்கர், பஞ்சாரா, முஸ்லிம் எல்லோரும் உங்கள் கிளைக்கு வருவார்கள். மராத்தா இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் 2023 அக்டோபரில் பீட்டிலும் மாஜல்காவிலும் சட்டமன்ற உறுப்பினர்களின் வீடுகள் எரிந்தன, அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. சாதிப் பேச்சு எழுந்தால் காது கொடுங்கள், வாய் கொடுக்காதீர்கள்.

பீட் நகரத்துக்குப் போனால் கஜானா கிணற்றைப் பாருங்கள். அகமத்நகர் நிஜாம் ஷாஹிகள் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. உள்ளே மூன்று சுரங்கவாய்கள். இரண்டு வழியாகத் தண்ணீர் ஊறி வருகிறது, ஒன்றின் வழியாக வெளியேறி வயலுக்குப் பாய்கிறது. மோட்டார் கிடையாது, நிலத்தின் சாய்வுதான் எல்லாம். கொடிய பஞ்சத்திலும் வற்றியதில்லை என்கிறார்கள். இந்தக் கருங்கல் பூமியில் தண்ணீர் எந்தப் பிளவில் ஓடுகிறது என்று தெரிந்த ஒருவர் அன்று இருந்திருக்கிறார்.

பீமாக்கரை | செப்டம்பர் 26, இரவு 9:00

சீதாப்பழத்தை விட்டுவிட்டோமே. பாலாகாட் சரிவில் தானாக விளையும், 2016இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீங்கள் போகும் நேரம் பருவம். சாலையோரம் கூடை கூடையாக வைத்திருப்பார்கள். கரும்புக்குக் கிளம்பும் முன் கைச்செலவுக்காகப் பறித்து விற்பவர்கள் பலர். பேரம் பேசாமல் வாங்குங்கள்.

அவினாஷ் சாப்ளேயும் இந்த மாவட்டம்தான், ஆஷ்டி தாலுகா மாண்ட்வா கிராமம். பள்ளிக்கூடத்துக்கு ஆறு கிலோமீட்டர் நடந்தும் ஓடியும் போன பையன், ராணுவத்தில் சேர்ந்து, 2023 ஆசிய விளையாட்டில் 3,000 மீட்டர் தடையோட்டத்தில் தங்கம் வாங்கினார். அவர் பெயரைச் சொல்லி எந்தக் கிராமத்திலும் பேச்சை ஆரம்பிக்கலாம்.

வைகைக்கரை | ஜனவரி 18, இரவு 8:30

கிட்டத்தட்ட நான்கு மாதமாக இங்கே எழுதாததற்கு மன்னிக்கவும். வந்து சேர்ந்துவிட்டேன். நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் கண்முன் நடந்தது. தீபாவளிக்கு முன் பணம் எடுக்க வரிசை நின்ற மக்கள், தீபாவளி முடிந்து பத்து நாளில் காணாமல் போனார்கள். கிளையில் இப்போது கூட்டமே இல்லை.

போன வாரம் கடன் வசூலுக்காக மலைமேல் ஒரு கிராமத்துக்குப் போனேன். ஒரு தெரு முழுவதும் பூட்டு. கதவுக்கு முன்னால் துளசி மாடம் மட்டும் வாடாமல் இருந்தது. ஒரு பாட்டி இடுப்பில் குடத்தோடு வீடு வீடாகப் போய் ஊற்றிக்கொண்டிருந்தார். புடவை முடிச்சில் ஒரு கொத்துச் சாவி. ஒவ்வொரு சாவியிலும் ஒரு துணிக் கிழிசல் கட்டியிருந்தது. சிவப்பு, மஞ்சள், பூப்போட்டது என்று. எண் படிக்கத் தெரியாது, அந்தந்த வீட்டு மருமகளின் புடவைத் துணியை வைத்து அடையாளம் பார்ப்பாராம். பதினான்கு சாவி. மூன்று பேரப்பிள்ளைகள் அவரிடம் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள். என்னைப் பார்த்ததும் கேட்டது "ஜேவண் ஜாலங் கா?"தான். மருதாணி, உங்களை நினைத்துக்கொண்டேன்.

வசூல் பேச்சை எடுக்கவில்லை. தவணையை இவர்கள் ஊரில் இருக்கும் மாதங்களுக்கு மாற்றித் தர முடியுமா என்று மேலே எழுதிக் கேட்டிருக்கிறேன். கொழுந்தாடை சார், இந்தப் பருவம் ஆலைகள் எப்போது நிற்கும்?

கொழுந்தாடை | ஜனவரி 18, இரவு 9:10

வெள்ளத்தில் கரும்பும் அடிபட்டிருக்கிறது, இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் குடீ பாடவாவுக்குள், அவர்கள் வருஷப்பிறப்புக்குள், வீடு திரும்பத்தான் பார்ப்பார்கள். பெரும்பாலும் ராத்திரியில் வந்து இறங்குவார்கள். அன்றைக்கு அந்தப் பாட்டியின் தெருவுக்குப் போய் நில்லுங்கள், பதினான்கு சாவியும் பிரித்துக் கொடுக்கும்போது.

மருதாணி | ஜனவரி 18, இரவு 9:42

போனால் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். டேச்சாவுக்குத் தயிர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.